தொண்ணூற்றைந்து நாட்கள்: நியூயோர்க்கில் மூடிய கதவுக்குள் நடந்த ஒரு தெரிவு

நியூயோர்க் நகர மண்டபத்தில் 2010 நவம்பர் 9ஆம் திகதி மேயர் மைக்கேல் புளூம்பேர்க் நடத்திய செய்தியாளர் மாநாடு, பல மேயர்களைக் கண்டு பழகிய நிருபர்களையும் திகைக்க வைத்தது. எட்டு ஆண்டுகள் நகரின் கல்வித் தலைவராக இருந்த ஜோயல் கிளைன் விலகுகிறார் என்ற செய்தியும், அவருடைய இடத்துக்கு இன்னார் வருகிறார் என்ற செய்தியும் ஒரே வேளையில் அறிவிக்கப்பட்டன. பதவி வெற்றிடமாகப் போகிறது என்பதைப் பொதுமக்கள் அறிவதற்கு முன்னரே அது நிரப்பப்பட்டு முடிந்துவிட்டது.

வரப்போகிறவர் கத்லீன் பிளாக். ஹேர்ஸ்ட் சஞ்சிகை நிறுவனத்தின் தலைவி. முன்னர் ‘யூஎஸ்ஏ டுடே’ நாளிதழின் வெளியீட்டாளராக இருந்தவர். பத்திரிகை வர்த்தகத்தில் பெண்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில் தம் திறமையால் மேலெழுந்தவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் ஒரு நாளாவது வகுப்பறையில் படிப்பித்தவரல்லர், பாடசாலையொன்றை நிர்வகித்தவருமல்லர். சிக்காகோவில் கத்தோலிக்கப் பாடசாலைகளில் படித்தவர். பிள்ளைகளைத் தனியார் விடுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பியவர். அவரிடம் ஒப்படைக்கப்பட்டதோ ஏறத்தாழப் பதினொரு இலட்சம் மாணவர்களைக் கொண்ட, அமெரிக்காவின் மிகப்பெரிய அரச பாடசாலை அமைப்பு.

அவர் அப்பதவியில் இருந்தது தொண்ணூற்றைந்து நாட்கள். அந்தக் குறுகிய கதையையும், அதற்குப் பின்னால் உள்ள நூறாண்டுக்கும் மேற்பட்ட நீண்ட கதையையும் இங்கே எழுத விரும்புகிறேன். பொதுப்பதவிக்கு ஆள் எடுப்பது பொதுமக்கள் அறிய நடக்கவேண்டுமா, மறைவாக நடக்கவேண்டுமா என்ற கேள்வி நியூயோர்க் நகரத்துக்கு மட்டும் உரியதன்று.

அத்தியட்சகர் என்பவர் யார்?

அமெரிக்கக் கல்வி முறையை நம்மவர் விளங்கிக்கொள்வது சற்றுச் சிரமம். இலங்கையில் கல்வி அமைச்சு, மாகாணக் கல்வித் திணைக்களம், வலயக் கல்விப் பணிப்பாளர் என்று மேலிருந்து கீழே இறங்கும் ஏணி ஒன்று உண்டு. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே பதின்மூவாயிரம் வரையிலான பாடசாலை மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலான மாவட்டங்களில் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் ஒரு பாடசாலைச் சபை உண்டு. அந்தச் சபை ஓர் அத்தியட்சகரை வேலைக்கு அமர்த்துகிறது. அதிபர்களின் நியமனம், வரவுசெலவுத் திட்டம், எந்தப் பாடசாலையை மூடுவது, எதனைத் திறப்பது என்பனவெல்லாம் அவர் மேசைக்கு வந்தே போகும். ஒரு பிள்ளையின் அன்றாட வாழ்வை வாஷிங்டனில் இருக்கும் கல்விச் செயலாளரைவிட இந்த அத்தியட்சகரே அதிகம் பாதிக்கிறார். நியூயோர்க்கில் இப்பதவிக்குச் ‘சான்சலர்’ என்று பெயர்.

இத்தகைய ஒருவரைத் தெரிவு செய்யும்போது யார் யார் விண்ணப்பித்தார்கள், எவரெவர் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டார்கள், ஏன் ஒருவர் விடப்பட்டு மற்றவர் எடுக்கப்பட்டார் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிய உரிமை உண்டா? ஒவ்வொரு மாநிலமும் இதற்கு ஒவ்வொரு விதமாக விடை சொல்லியிருக்கிறது. நியூயோர்க் நகரமோ வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறது.

வட்டாரத் தர்மகர்த்தாக்களிலிருந்து நிபுணர்கள் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயோர்க் பாடசாலைகளின் ஆசிரியர் நியமனங்களில் வட்டாரத் தர்மகர்த்தாக்களின் கையே ஓங்கியிருந்தது. அவர்கள் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள். வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள். ஆகவே சிபாரிசும் செல்வாக்கும் அங்கே தாராளமாகப் புழங்கின. வேலை வேண்டுமானால் கட்சிக்காரரைப் பிடிக்கவேண்டும் என்ற நிலை இருந்தது. அரசியலைப் பாடசாலையிலிருந்து அகற்றவேண்டும் என்று முழங்கிய சீர்திருத்தக்காரர்கள் 1896இல் சட்டமொன்றைக் கொண்டுவந்து இந்தத் தர்மகர்த்தா முறையை ஒழித்தார்கள். பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவராக நீண்டகாலம் விளங்கிய நிக்கலஸ் மரே பட்லர் அவர்களுள் முதன்மையானவர். வியப்பு என்னவென்றால், ஆசிரியர்களிற் பெருந்தொகையினர் இந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்தார்கள். தங்களை அறிந்த பக்கத்து வீட்டு மனிதரை இழந்து, தங்களை அறியாத நிபுணரின் கையில் விழப்போகிறோம் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

1898இல் ஐந்து பெருநகரப் பிரிவுகளும் ஒன்றிணைந்து இன்றைய நியூயோர்க் உருவானபோது, வில்லியம் மக்ஸ்வெல் முதலாவது நகர அத்தியட்சகரானார். அதன்பின் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் மத்தியில் இருந்த கல்விச் சபையும் அதன் அதிகாரிகளுமே சகலமும் என்றாகியது. கட்சிக்காரரின் சிபாரிசு குறைந்தது. அத்துடன் பெற்றோரின் குரலும் குறைந்தது. ஊழலை விரட்டப் பூட்டிய கதவு, ஊராரையும் வெளியே நிறுத்திவிட்டது.

அந்தக் கதவு உடைபட்டது 1968இல். புரூக்ளினில் ஓஷன் ஹில் – பிரவுண்ஸ்வில் என்ற, கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் செறிந்து வாழ்ந்த பகுதியில், பாடசாலைகளை உள்ளூர் மக்களே நிர்வகிக்கும் பரீட்சார்த்தத் திட்டமொன்று முந்திய ஆண்டில் தொடங்கப்பட்டிருந்தது. றோடி மக்கோய் என்ற கல்வியாளரை உள்ளூர்ச் சபை தன் நிர்வாகியாக அமர்த்தியது. 1968 மே மாதத்தில் அச்சபை 13 ஆசிரியர்களையும் 6 நிர்வாகிகளையும் தன் மாவட்டத்திலிருந்து அகற்றக் கடிதம் அனுப்பியது. பெரும்பாலும் யூதர்களான ஆசிரியர்களைக் கொண்ட தொழிற்சங்கம், அல்பேர்ட் ஷங்கர் தலைமையில் எழுந்தது. செப்டெம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதிவரை அடுத்தடுத்து நடந்த வேலைநிறுத்தங்களால் நகரம் முழுவதிலும் 36 பாடசாலை நாட்கள் இழக்கப்பட்டன. கறுப்பினத்தவருக்கும் யூதருக்கும் இடையே அன்று விழுந்த காயம் ஆற நெடுங்காலம் பிடித்தது. நம் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவரை யார் தெரிவு செய்வது என்ற ஒரே கேள்விதான் அத்தனைக்கும் மூலம்.

திறந்த சபைகளும் மூடிய பேரங்களும்

அதன் விளைவாக 1969இல் பரவலாக்கல் சட்டம் வந்தது. நகரம் முப்பதுக்கு மேற்பட்ட சமூகப் பாடசாலை மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தெரிவு செய்யும் சபை. அச்சபைக்குத் தன் அத்தியட்சகரையும் அதிபர்களையும் அமர்த்தும் அதிகாரம். எழுத்தில் பார்த்தால் இதைவிட வெளிப்படையான முறை இருக்கமுடியாது.

நடந்தது வேறு. சபைத் தேர்தல்களில் வாக்களித்தோர் தொகை காலப்போக்கில் பத்து வீதத்துக்கும் கீழே போயிற்று. வாக்களிக்க வந்த சிலரையும் கட்சி அமைப்புகளும் தொழிற்சங்கங்களுமே அழைத்து வந்தன. சில மாவட்டங்களில் வேலைகள் உறவினருக்கும் ஆதரவாளருக்கும் பங்கிடப்பட்டன. 1980களின் இறுதியிலும் 1990களிலும் விசாரணைக்கு மேல் விசாரணையாக இந்த முறைகேடுகள் வெளிவந்தன. கூட்டம் என்னவோ பொது மண்டபத்தில், எல்லோரும் பார்க்க நடந்தது. முடிவு மட்டும் அதற்கு முதல்நாள் எவருடையவோ வீட்டில் எடுக்கப்பட்டிருந்தது. 1996இல் மாநில சட்டமன்றம் அதிபர்களை அமர்த்தும் அதிகாரத்தை இச்சபைகளிடமிருந்து பறித்தது. அத்தியட்சகர் தெரிவிலும் சான்சலரின் சொல்லே மேலானது என்றாக்கியது.

வெளிப்படைத்தன்மைக்காக வாதாடுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை விரிவாகச் சொல்கிறேன். கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே வந்து பார்ப்பதற்கும் கேட்பதற்கும் ஆட்கள் வேண்டும்.

நகர மட்டத்திலும் நிலைமை செம்மையாக இருக்கவில்லை. எழுவர் கொண்ட கல்விச் சபையில் இருவரை மேயரும், ஐவரை ஐந்து பிரிவுகளின் தலைவர்களும் நியமித்தார்கள். சான்சலர் தெரிவு அந்த எழுவருக்கிடையிலான எண்ணிக்கை விளையாட்டாயிற்று. 1983இல் அச்சபை, பிரதி மேயர் றொபேர்ட் வாக்னர் இளையவரைத் தெரிவு செய்தபோது, மாநிலக் கல்வி ஆணையாளர் கோர்டன் அம்பாக் அவருக்குக் கல்வித்துறைத் தகுதி இல்லை என்று மறுத்துவிட்டார். அதன்பின் தெரிவான அந்தனி அல்வராடோ அடுத்த ஆண்டே பணவிவகாரச் சர்ச்சையில் பதவி இழந்தார். மயாமியிலிருந்து பெரும் எதிர்பார்ப்போடு அழைத்துவரப்பட்டு 1990இல் பதவியேற்ற ஜோசப் பெர்னாண்டஸை, 1993இல் நான்குக்கு மூன்று என்ற வாக்கில் சபை வழியனுப்பி வைத்தது.

இந்தக் குழப்பங்களைக் காட்டித்தான் புளூம்பேர்க் 2002இல் பாடசாலைகளைத் தம் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். கல்விச் சபை ஒழிந்தது. அதற்குப் பதிலாக வந்த 13 பேர் குழுவில் எண்மர் மேயரின் நியமனம். 2004 மார்ச்சில், மூன்றாம் வகுப்பு மாணவரை வகுப்பேற்றுவது தொடர்பான தம் கொள்கைக்கு எதிராக வாக்களிக்க இருந்த உறுப்பினர்கள், வாக்கெடுப்பு நாளன்றே மாற்றப்பட்டார்கள். சான்சலரை நியமிப்பதற்கோ மேயர் எவரிடமும் கேட்கவேண்டியதில்லை என்றாகிவிட்டது. பொறுப்பு ஒருவரிடம் இருந்தால், தவறினால் அவரையே தேர்தலில் தண்டிக்கலாம் என்பதே அவருடைய வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை.

விதிவிலக்கும் அதன் விலையும்

ஒரேயொரு தடை மட்டும் எஞ்சியிருந்தது. பாடசாலை அத்தியட்சகராக வருபவர் கல்வித்துறைத் தகுதியும் அனுபவமும் உடையவராக இருக்கவேண்டும் என்பது நியூயோர்க் மாநிலச் சட்டம். இல்லாவிடின் மாநிலக் கல்வி ஆணையாளர் விதிவிலக்கு அளிக்கவேண்டும். 2000இல் வங்கிச் சட்டத்தரணியான ஹரோல்ட் லெவியும், 2002இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்கெதிரான அரச வழக்கை நடத்திப் புகழ்பெற்ற சட்டத்தரணி ஜோயல் கிளைனும் அவ்வாறே வந்தார்கள். ஆகவே பிளாக் அம்மையாருக்கும் அது சடங்காகவே முடியும் என்று மேயர் எண்ணியிருக்க வேண்டும்.

அப்படி முடியவில்லை. பெற்றோர் கையொப்பம் திரட்டினார்கள். நகரசபை உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தார்கள். வேறு எவரெவர் பரிசீலிக்கப்பட்டார்கள் என்று நிருபர்கள் கேட்டார்கள். முறையான தேடல் நடந்தது என்றார் மேயர். ஆனால் அந்தத் தேடலைக் கண்டவர் எவரையும் காணவில்லை. பதவிக்கு விளம்பரம் இல்லை. விண்ணப்பதாரிகள் பட்டியல் இல்லை. நேர்முகத் தேர்வுக் குழு இல்லை.

மாநிலக் கல்வி ஆணையாளர் டேவிட் ஸ்டைனர் எண்மர் கொண்ட ஆலோசனைக் குழுவொன்றை அமைத்தார். நால்வர் விதிவிலக்கு அளிக்கக்கூடாது என்றார்கள். இருவர் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். இருவர் மட்டுமே ஆதரித்தார்கள். இறுதியில் சமரசம் ஒன்று காணப்பட்டது. புரொங்ஸ் பகுதியில் பாடசாலையொன்றைத் தொடங்கி நடத்திய அனுபவமுள்ள ஷேல் பொலக்கோ-சுரான்ஸ்கியைக் கல்விக்குப் பொறுப்பான முதன்மை அதிகாரியாக நியமிப்பது என்ற ஏற்பாட்டின் பேரில், நவம்பர் 29ஆம் திகதி விதிவிலக்குக் கிடைத்தது. அதாவது, கல்வித் தலைவருக்குக் கல்வி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. வழக்குகளும் தள்ளுபடியாகின. 2011 ஜனவரியில் அவர் பணியேற்றார்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வீழ்ந்தவரை மறுபடியும் வீழ்த்துவதில் எனக்கு விருப்பமில்லை. கீழ் மன்ஹட்டன் பாடசாலைகளில் இடநெருக்கடி என்று பெற்றோர் முறையிட்ட கூட்டத்தில், குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி அவர் நகைச்சுவையாக ஒரு சொல் சொன்னார். சஞ்சிகை நிறுவனத்தின் மதிய உணவு மேசையில் அது சிரிப்பை வரவழைத்திருக்கும். பிள்ளைக்கு வகுப்பறையில் இடமில்லை என்று தவிக்கும் தாயின் முன்னால் அது நெருப்பாயிற்று. பெப்ரவரியில், பாடசாலைகளை மூடுவது தொடர்பான கூட்டத்தில் கூச்சலிட்ட மக்களைப் பார்த்து அவரும் பதிலுக்குக் கூச்சலிட்டுக் காட்டினார். மூத்த அதிகாரிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். கருத்துக்கணிப்பொன்றில் அவரை ஆதரித்தோர் 17 வீதமாக இறங்கினர். ஏப்ரல் 7ஆம் திகதி மேயர் அவரை அழைத்துப் பேசினார். அன்றே அவர் விலகினார். பிரதி மேயர் டெனிஸ் வோல்கொட் அவ்விடத்துக்கு வந்தார்.

இதில் பெரிதும் பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்டால், மாணவர்களுக்கு அடுத்தபடியாக அந்த அம்மையாரே என்பேன். இரண்டு மாதங்களுக்கு முன்னர் பெற்றோர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் நாலு கேள்விகளுக்கு அவர் விடை சொல்லவேண்டி இருந்திருந்தால், அந்த வேலை தமக்கு உரியதன்று என்பதை அவரே உணர்ந்திருக்கக்கூடும்; மேயரும் உணர்ந்திருப்பார். மறைவு அவரைக் காப்பாற்றவில்லை. அவருக்குக் கிடைத்திருக்கவேண்டிய எச்சரிக்கையைத்தான் அது மறைத்தது.

இரண்டரை ஆண்டுகள் காத்திருந்த கடிதங்கள்

என்னைப் போன்ற பத்திரிகைக்காரனுக்கு இக்கதையின் பிற்பகுதியே சுவையானது. நியமனச் சர்ச்சை நடந்த நாட்களில் மேயர் அலுவலகத்துக்கும் பிளாக் அம்மையாருக்கும் அவரது நிறுவனத்துக்கும் இடையே பரிமாறப்பட்ட மின்னஞ்சல்களைத் தருமாறு ஒரு வாரப் பத்திரிகையின் இளம் செய்தியாளர், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். நியூயோர்க் மாநிலத்தில் அச்சட்டம் 1974 முதல் உண்டு. நகர நிர்வாகம் மறுத்தது. அது சொன்ன காரணம் விசித்திரமானது. அப்போது இன்னும் பதவியேற்காதிருந்த அந்த அம்மையார் நகரத்தின் ‘முகவர்’ போன்றவர். ஆகவே அவை அலுவலக உள்விவகாரக் கடிதங்கள் என்றது.

செய்தியாளர் விடவில்லை. 2011இல் நீதிபதி அலிஸ் ஷ்லெசிங்கர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். நகரம் மேன்முறையீடு செய்தது. 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதே தீர்ப்பை உறுதிசெய்தது. மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றமும் தலையிட மறுத்த பின்னரே, 2013 மே மாதத்தில் கடிதங்கள் வெளிவந்தன. விண்ணப்பித்த காலத்திலிருந்து இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன. அம்மையார் பதவி விலகியே இரண்டு ஆண்டுகளாகியிருந்தன.

அப்படி என்ன இரகசியம் இருந்தது? அரச இரகசியம் ஒன்றுமில்லை. எழுந்த எதிர்ப்பைச் சமாளிக்கப் புகழ்பெற்ற பெண்களின் ஆதரவுச் சொற்களை எப்படித் திரட்டுவது என்ற ஆலோசனைகளே இருந்தன. தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்பிரேயின் பெயரும் அவற்றுள் ஒன்று. அவர் பெயரிலான சஞ்சிகை ஹேர்ஸ்ட் நிறுவனத்தோடு சேர்ந்து வெளியாகியது என்பதையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். பதினொரு இலட்சம் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்கப்படாத கருத்து, நட்சத்திரங்களிடம் கேட்கப்பட்டிருந்தது. மறைக்கப்பட்டது அவ்வளவே. எனது அனுபவத்திலும் நான் கண்டது இதுதான்: மிகக் கடுமையாகக் காக்கப்படும் இரகசியங்கள் பெரும்பாலும் ஆபத்தானவையல்ல, வெட்கத்துக்குரியவை.

மறைவுக்கான நியாயங்கள்

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இது நேர்மையான கட்டுரை ஆகாது. இரகசியத்தை ஆதரிப்போர் எல்லோரும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். திறமையான அத்தியட்சகர் ஒருவர் ஏற்கெனவே வேறோர் ஊரில் அதே பதவியில் இருப்பார். வேறிடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்பது வெளிவந்தால், தற்போதைய ஊரில் அவருடைய சொல் செல்லாது. கிடைக்காமல் திரும்பினால் அவமானம் வேறு. ஆகவே பெயர் வெளிவரும் என்றால் நல்லவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள் என்பது அவர்களது வாதம். இப்போதெல்லாம் பல சபைகள் ஆள்தேடும் தனியார் நிறுவனங்களிடம் இவ்வேலையை ஒப்படைக்கின்றன. விண்ணப்பங்கள் அந்த நிறுவனத்தின் கையில் இருப்பதால், சபையிடம் காட்டுவதற்குக் கடதாசியே இராது.

கலிபோர்னியாவில் 1953இல் வந்த பிரவுண் சட்டம் இங்கே நினைவுகூரத்தக்கது. உள்ளூர்ச் சபைகள் இரகசியமாகக் கூடி முடிவெடுக்கின்றன என்று சான் பிரான்சிஸ்கோவின் நாளிதழொன்றில் மைக்கேல் ஹரிஸ் என்ற நிருபர் எழுதிய தொடரே அச்சட்டத்துக்கு வித்திட்டது. ஆயினும் அச்சட்டமே ஆளணி விடயங்களுக்கு மூடிய அமர்வை அனுமதித்தது. ஊழியர் ஒருவரின் குறைபாடுகளை ஊரறியப் பேசி அவரை அவமதிக்கக் கூடாது என்பது அதிலுள்ள நியாயமான நோக்கம். சாதாரண ஊழியரின் மானத்தைக் காக்கும் அந்தக் குடையின் கீழேதான், பின்னர் தலைமைப் பதவிகளுக்கான தெரிவுகளும் ஒதுங்கிக்கொண்டன.

டெக்சாஸ் மாநிலம் நடுவழி ஒன்றைக் கண்டது. விண்ணப்பதாரிகளின் பெயர்களை மறைக்கலாம். ஆனால் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் பெயரை, இறுதி வாக்கெடுப்புக்கு 21 நாட்களுக்கு முன்னர் அறிவிக்கவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல சபைகள் ஒரேயொரு பெயரை மட்டும் ‘இறுதி வேட்பாளர்’ என்று அறிவிக்கின்றன. ஒருவரே ஓடும் ஓட்டப்பந்தயத்தை 21 நாட்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதற்கு நேரெதிர் புளோரிடா. 1967இல் வந்த ‘சூரிய ஒளிச் சட்டம்’ என்று அழைக்கப்படும் சட்டத்தின்படி, சபை உறுப்பினர் இருவர் கூடிச் சபை விடயம் பேசினாலே அது பொதுக்கூட்டம். அங்கே மாவட்ட அத்தியட்சகர் தெரிவு திறந்தவெளியிலேயே நடக்கவேண்டும். சில மாவட்டங்களில் மக்களே நேரடியாக வாக்களித்து அத்தியட்சகரைத் தெரிவு செய்கிறார்கள்.

இந்த இரண்டு உலகங்களும் ஒருநாள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. நியூயோர்க்கில் புளூம்பேர்க்குக்குப் பின் வந்த மேயர் பில் டி பிளாசியோ, பதவிக்கு வருவதற்கு முன்னர், சான்சலர் தெரிவு பொதுமக்கள் முன்னிலையில் பரிசீலிக்கப்படவேண்டும் என்று பேசியவர். பதவிக்கு வந்ததும் அவரும் மூடிய கதவுக்குள்ளேயே தெரிவை நடத்தினார். 2018 பெப்ரவரி இறுதியில், மயாமி-டேட் மாவட்ட அத்தியட்சகர் அல்பேர்ட்டோ கர்வால்யோ அடுத்த சான்சலர் என்று அவரது அலுவலகம் அறிவித்தது. மறுநாள், மார்ச் 1ஆம் திகதி, மயாமிப் பாடசாலைச் சபை அவசரமாகக் கூடியது. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. சபை உறுப்பினரும் மாணவரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, போகவேண்டாம் என்று மன்றாடினார்கள். இடையில் எழுந்து வெளியே சென்ற கர்வால்யோ திரும்பிவந்து, தாம் நியூயோர்க் போகப்போவதில்லை என்று அறிவித்தார்.

நியூயோர்க் மக்கள் தங்கள் கல்வித் தலைவர் யார் அல்லர் என்பதை, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள இன்னொரு ஊரின் பொதுக்கூட்டத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். இரகசியமாகத் தேடினால் பாதுகாப்பான முடிவு கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய பரிகாசம் இருக்கமுடியாது. சில நாட்களில் ஹூஸ்டன் அத்தியட்சகர் ரிச்சர்ட் கரன்சா நியமிக்கப்பட்டார். அதுவும் மறைவாகவே நடந்தது.

தேநீர்க்கடையில் தெரிந்த பெயர்

நான் நிருபராகத் தொழில் தொடங்கிய காலத்தில், ஊர்ப் பாடசாலையொன்றுக்குப் புதிய அதிபர் நியமனம் நடந்த செய்தியைச் சேகரிக்கச் சென்றிருந்தேன். அலுவலகத்தில் கேட்டபோது, இரகசியம், சொல்லமுடியாது என்றார்கள். களைத்துப்போய் எதிரே இருந்த தேநீர்க்கடையில் உட்கார்ந்தேன். ‘தம்பி, அவருக்குத்தான் கொடுக்கினம், கடிதம் திங்கட்கிழமை வரும்’ என்று கடைக்காரரே பெயரைச் சொல்லிவிட்டார். கடிதம் திங்கட்கிழமை வந்தது. பெயரும் அதுவே. விண்ணப்பித்துக் காத்திருந்த ஏனைய மூவருக்கும் ஏன் தமக்குக் கிடைக்கவில்லை என்று கடைசிவரை எவரும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் சந்தித்தேன். கிடைக்காததைவிட, காரணம் சொல்லாததே இன்னும் உறுத்துகிறது என்றார்.

இரகசியம் என்பது எல்லோருக்கும் இரகசியமாக இருப்பதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் எல்லாம் தெரியும். தெரியாமல் நிற்பவர்கள் வெளியே வரிசையில் காத்திருப்பவர்கள் மட்டுமே.

நியூயோர்க்கின் நூற்றிருபது ஆண்டு வரலாற்றில் நான் படித்துக்கொள்ளும் பாடம் எளிமையானது. முதற்சுற்றில் விண்ணப்பிக்கும் அனைவரின் பெயரையும் சந்தியில் ஒட்டவேண்டியதில்லை. அவர்களுடைய இப்போதைய தொழிலுக்கு மதிப்பளிக்கலாம். ஆனால் இறுதியாக எஞ்சும் இருவர் மூவர் பெற்றோர் முன்னால், ஆசிரியர் முன்னால் வந்து நின்று விடை சொல்லத்தான் வேண்டும். அந்த மண்டபத்தில் நிற்கத் தயங்குகிறவர், பதவியேற்ற பின்னர் அதே மண்டபத்தில் எப்படி நிற்பார்? எந்த அடிப்படையில் ஒருவர் தெரிவானார் என்பதையும் எழுத்தில் வைத்து, கேட்பவருக்குக் கொடுக்கவேண்டும்.

மற்றொன்று நம் கையில் உள்ளது. 1969இன் சட்டம் நியூயோர்க் மக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது; உள்ளே போனவர் சிலரே. 2010இல் கதவு மூடியிருந்தது; ஓர் இளம் செய்தியாளர் இரண்டரை ஆண்டுகள் தட்டித் திறந்தார். இலங்கையிலும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேநீர்க்கடை நாட்களில் எனக்குக் கிடைத்திராத ஆயுதம் அது. தம் பிள்ளையின் அதிபரும் கல்விப் பணிப்பாளரும் எப்படித் தெரிவு செய்யப்பட்டார்கள் என்று ஒரு பெற்றோர் ஒரு கடதாசியில் எழுதிக் கேட்கலாம். பதில் தாமதிக்கலாம். ஆனாலும் கேட்கவேண்டும். எவரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால், கதவைப் பூட்டவேண்டிய அவசியமே அவர்களுக்கு இராது.